சிங்டாவிலிருந்து வந்த கப்பல்

1913 ஆகஸ்ட் மாதக் கடைசி. சீனத்தின் யாங்சே ஆற்றில் வெள்ளை வண்ணம் பூசிய ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் புரட்சிக்காரர்கள் பிடித்து வைத்திருந்த கோட்டையிலிருந்து அதன்மேல் குண்டு வந்தது. கப்பல் உடனே திருப்பிச் சுட்டது. சற்று நேரத்தில் கோட்டைப் பீரங்கிகள் அடங்கிப்போயின. கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு அந்தச் செயலுக்காகப் பதக்கம் கிடைத்தது. கப்பலின் பெயர் எம்டன். பதின்மூன்று மாதம் கழித்து அதே தலைவர், அதே பீரங்கிகளை சென்னைத் துறைமுகத்தை நோக்கித் திருப்பினார்.

கல்மண்டபத்திலோ ராயபுரத்திலோ காசிமேட்டிலோ எம்டனைத் தெரியாதவர் குறைவு. துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பகுதி இது. கண்டிப்பான அப்பாவுக்கும் ஆசிரியருக்கும் அந்தக் கப்பலின் பெயரையே வைத்த ஊர் இது. ஆனால் எம்டன் கதையை இங்கே எப்போதும் 1914 செப்டம்பர் 22 இரவில்தான் தொடங்குகிறார்கள். கப்பல் எங்கிருந்து வந்தது, அதுவரை யாரைச் சுட்டுக்கொண்டிருந்தது என்ற பகுதி விட்டுப்போகிறது. அந்தப் பகுதி முழுக்க முழுக்கச் சீனத்தின் கதை. மன்னராட்சி சரிந்து, குடியரசு பிறந்து, பிறந்த வேகத்திலேயே களவு போன கதை. அதைச் சேர்த்துப் படித்தால்தான் வடசென்னைக் கடற்கரையின் நூறாண்டு வரலாறு முழுதாகப் புரியும்.

சென்னைக்கும் சீனத்துக்கும் இருந்த உறவு எம்டனைவிட மூத்தது. அபினிப் போரிலேயே அதைப் பார்க்கலாம். 1840 முதல் 1842 வரை பிரிட்டன் சீனத்தின்மீது நடத்திய அந்தப் போரில் மதராஸ் ராணுவத்தின் காலாட்படைகளும் சாப்பர்ஸ் படையும் பெரும் பங்கு வகித்தன. 1841 மே மாதம் கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி என்ற ஊரின் வயல்வெளியில் 37வது மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி தனியாக மாட்டிக்கொண்டது. கொட்டும் மழை. மருந்து நனைந்ததால் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஈட்டியும் மண்வெட்டியும் ஏந்திய ஆயிரக்கணக்கான கிராமத்து ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கிகளோடு வந்த கடற்படை வீரர்கள்தான் சிப்பாய்களை மீட்டார்கள். சீன வரலாற்றில் சான்யுவான்லி பெரிய பெயர். அந்நியரைச் சாதாரண மக்கள் எதிர்த்து நின்ற முதல் களம் என்று அங்கே கொண்டாடுகிறார்கள். அந்தக் களத்தில் எதிரே நின்றவர்கள் நம் ஊர் ஏழைகள். இதை நினைக்கும்போது பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மறந்துவிடவும் கூடாது.

ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் 1910இல் கட்டப்பட்ட பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. பம்பாய்ப் பார்சி வணிகர்கள் பருத்தியும் அபினியும் ஏற்றிக் கான்டனுக்குப் போய்ச் செல்வம் சேர்த்த ஒரு காலம் இருந்தது. இந்தியத் துறைமுகங்களில் இன்றும் நிற்கும் பழைய கட்டடங்கள் பலவற்றுக்குப் பின்னால், தேடிப் பார்த்தால், அந்தச் சீன வியாபாரத்தின் தடம் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது சீனம் துண்டாடப்பட்டுக்கொண்டிருந்தது. 1897இல் ஷாண்டோங் மாகாணத்தில் இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் கொல்லப்பட்டார்கள். இதற்காகவே காத்திருந்ததுபோல் ஜெர்மனி தன் கப்பல்களை அனுப்பி ஜியாவ்ஜோ விரிகுடாவைப் பிடித்தது. அடுத்த ஆண்டு 99 வருடக் குத்தகை எழுதி வாங்கியது. அங்கே எழுந்த துறைமுக நகரம்தான் சிங்டாவ். செங்கல் வீடுகள், மது ஆலை, நிலக்கரிக் கிடங்கு, கப்பல் பழுது பார்க்கும் தளம், சுரங்கங்களுக்குப் போகும் ரயில் பாதை என்று அந்த ஊர் வளர்ந்தது. நிலம் போனது, ரயில் தண்டவாளம் மூதாதையர் சமாதிகளைக் கீறிக்கொண்டு போனது, வறட்சியும் சேர்ந்துகொண்டது. அதே ஷாண்டோங்கின் கிராமங்களில்தான் பாக்ஸர்கள் என்று வெள்ளையர் அழைத்த கிளர்ச்சிக்காரர்கள் முளைத்தார்கள்.

1900 கோடையில் அவர்கள் பெய்ஜிங்கில் வெளிநாட்டுத் தூதரகங்களை 55 நாள் முற்றுகையிட்டார்கள். எட்டு நாடுகள் சேர்ந்து படை அனுப்பின. பிரிட்டனின் பங்காகப் போன படையில் பெரும்பாலோர் இந்தியர். தலைமை ஜெனரல் ஆல்ஃபிரட் கேஸ்லி. அதில் மதராஸ் பயனியர் படையும் இருந்தது. சாலை போடுவது, பாலம் கட்டுவது, அகழி வெட்டுவது பயனியர்களின் வேலை. அந்தப் படைகளில் தமிழர்கள் நிறைய. ஊரில் நிலமில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமும் சீருடையும் ஓரளவு மரியாதையும் தந்த வேலை அது. பெய்ஜிங் விழுந்த பிறகு எட்டு நாட்டுப் படைகளும் செய்த கொள்ளையையும் கொலையையும் ராஜபுத்திரப் படையைச் சேர்ந்த கதாதர் சிங் என்பவர் நேரில் பார்த்து, மனம் நொந்து, இந்தியில் ஒரு புத்தகமே எழுதினார். சீனர்களும் தம்மைப்போல் ஆசியாக்காரர்களே என்ற உணர்வு அதில் இழையோடுகிறது. 1901 ஒப்பந்தத்தில் சீனத்தின் தலையில் ஏற்றப்பட்ட அபராதம் 45 கோடி டேல் வெள்ளி. 39 ஆண்டுகளில் வட்டியோடு கட்ட வேண்டும்.

அந்தக் கடன் சுமைதான் சீனத்தை ஆண்ட சிங் வம்சத்தின் முதுகை முறித்தது. கடனுக்குப் பிணையாக வரிகளும் சுங்கமும் போயின. அடுத்து ரயில் பாதைகளுக்கு முறை வந்தது.

ரயில் என்றதும் ராயபுரத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அந்தப் பாதையைப் போட்டது லண்டனில் பங்கு திரட்டிய மதராஸ் ரயில்வே கம்பெனி. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரர்களுக்கு நிச்சயமான வட்டி உண்டு. குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு செய்யப்படும். இங்கே யாரும் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. சீனத்தின் சிச்சுவான் மாகாணத்தில் கேட்டார்கள். அந்நியக் கடன் வேண்டாம், நாமே ரயில் போடுவோம் என்று அங்கே சிறு நிலக்காரர்கள் முதல் வணிகர்கள் வரை பணம் போட்டிருந்தார்கள். 1911 மே மாதம் அரசு அந்தப் பாதையைத் தன்வசம் எடுத்து, வெளிநாட்டு வங்கிகளின் கடனுக்குப் பிணை வைக்க முடிவு செய்தது. சிச்சுவான் கொதித்தது. செங்டு நகரில் ஊர்வலம் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கலவரத்தை அடக்க அண்டை மாகாணத்திலிருந்து படைகள் போக, யாங்சே கரையிலிருந்த வூச்சாங் நகரில் காவல் தளர்ந்தது. அக்டோபர் 10 இரவு அங்கிருந்த சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். நான்கே மாதத்தில், 1912 பிப்ரவரி 12 அன்று, ஆறு வயதுச் சிறுவனான பேரரசர் பூயீயின் பெயரால் மன்னராட்சி முடிவுக்கு வந்தது. ஒரு ரயில் பாதை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு, இரண்டாயிரம் ஆண்டுப் பேரரசு முறையையே சாய்த்துவிட்டது.

இங்கே புதுச்சேரியில் அடைபட்டுக் கிடந்த பாரதியார் சீனத்தைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். 1907இல் தலை துண்டிக்கப்பட்ட புரட்சிப் பெண் சியூ சின்னைப் பற்றித் தம் கட்டுரையில் எழுதினார். தமிழ்ப் பெண்களுக்கு முன்மாதிரி தேடியவருக்குச் சீனத்திலிருந்து ஒருத்தி கிடைத்தாள்.

ஆனால் குடியரசு நிலைக்கவில்லை. புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் விட்டுக்கொடுத்த குடியரசுத் தலைவர் பதவியில் அமர்ந்த யுவான் ஷிகாய் பழைய அரசின் படைத்தளபதி. முதல் தேர்தலில் குவோமின்டாங் கட்சி வென்றது. பிரதமராக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த சோங் ஜியாவ்ரென் 1913 மார்ச்சில் ஷாங்காய் ரயில் நிலையத்தில் சுடப்பட்டு இறந்தார். ஐந்து நாடுகளின் வங்கிகள் சேர்ந்து யுவானுக்கு இரண்டரைக் கோடி பவுண்டு கடன் கொடுத்தன. நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அவர் வாங்கிக்கொண்டார். ஜூலையில் தென் மாகாணங்கள் ஆயுதம் எடுத்தன. இதைத்தான் இரண்டாம் புரட்சி என்கிறார்கள். செப்டம்பர் முதல் நாள் நான்ஜிங் வீழ்ந்தது. வெற்றி பெற்ற படை நகரத்தைச் சூறையாடியது. எம்டன் யாங்சேயில் சுட்டது இந்தப் புரட்சிக்காரர்களைத்தான். சொந்த நாட்டுக் குடியரசைக் காக்க எழுந்தவர்களை, ஆற்றுக்குள் வந்து நின்ற அந்நியக் கப்பல் அடக்கியது. அந்த ஆற்றில் அன்று பிரிட்டிஷ் கப்பலும் ஜப்பானியக் கப்பலும் ஜெர்மன் கப்பலும் பக்கத்துப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்பது வழக்கம். சீனரை அடக்குவதில் அவர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை.

சண்டை வந்தது 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போரோடு. எம்டன் ஜூலை 31 மாலையே சிங்டாவை விட்டுக் கிளம்பியிருந்தது. ஜெர்மன் கிழக்காசியப் படைப்பிரிவு பசிபிக் கடலைத் தாண்டித் தென்னமெரிக்கா நோக்கிப் போக, முல்லர் மட்டும் தனியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போக அனுமதி கேட்டுப் பெற்றார். கூடவே மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பல். மூன்று புகைபோக்கி கொண்ட எம்டனுக்கு நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்று கட்டப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிய வேண்டும் என்று. கப்பலில் துணி வெளுக்கச் சிங்டாவில் ஏறிய சீனத் தொழிலாளர்கள் அப்போதும் கூடவே இருந்தார்கள். செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டன.

பிறகு சென்னை. செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி ஆகப்போகிறது. ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியிலிருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் சுழன்று கப்பலுக்கு வழி காட்டியது. சுமார் 3,000 கஜ தூரத்தில் நின்று, தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்தது எம்டன். அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றிக்கொண்டன. மூன்றரை லட்சம் காலன் அளவுக்கு எண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலும் அடிவாங்கியது, உயிர்ச்சேதமும் உண்டு. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் படவில்லை. வெகுதூரம் போன பிறகும் அந்த வெளிச்சம் தெரிந்ததாக எம்டன் மாலுமிகள் பின்னாளில் எழுதினார்கள்.

பிரிட்டிஷாரின் கௌரவத்தை இந்தியர் கண்ணெதிரே உடைப்பதுதான் முல்லரின் நோக்கம். அது பலித்தது. மறுநாள் முதல் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தவர்கள் ரயில் நிலையங்களில் மொய்த்தார்கள். வெள்ளைக்காரன் கடலை ஆள்கிறான் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக் கேட்டவர்கள், அவன் துறைமுகமே பற்றி எரிவதைப் பார்த்துவிட்டார்கள். துறைமுகத்தின் கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயில் திறந்து, அலைக்கும் புயலுக்கும் ஈடுகொடுக்கும் துறைமுகம் என்று ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் கட்டி முடித்து அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே துறைமுகச் சுவர்கள் மணல் ஓட்டத்தைத் தடுத்ததால் ராயபுரம் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கிவிட்டது. மீனவக் குப்பங்கள் பின்வாங்கிக்கொண்டே இருந்தன. பேரரசின் துறைமுகத்தால் கரையை இழந்துகொண்டிருந்தவர்களே, பேரரசுகளின் சண்டையில் குண்டுச் சத்தத்தையும் கேட்டார்கள்.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார், சென்னையில் குண்டு போட வழிகாட்டினார் என்று தமிழ்நாட்டில் பலர் இன்றும் நம்புகிறார்கள். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாதத்தில் அவர் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார்; அங்கிருந்து பெர்லின் போனார். அவருடைய உண்மையான வாழ்க்கையே போதுமான அளவு துணிச்சலானது. கப்பல் கதை அதற்கு எதையும் கூட்டவில்லை.

எம்டன் பினாங்கில் ரஷ்யக் கப்பல் ஒன்றையும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்து, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அழிந்தது. 130 பேருக்குமேல் மாண்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் 7 அன்று, அதன் தாய்த் துறைமுகமான சிங்டாவும் விழுந்திருந்தது. முற்றுகையிட்டது ஜப்பான், கூடச் சிறு பிரிட்டிஷ் படை, அதில் 36வது சீக்கியப் படையின் ஒரு பகுதி. மறுபடியும் சீன மண்ணில் இந்தியச் சிப்பாய்கள். சீனம் அப்போது நடுநிலை நாடு. அதன் மண்ணில் இரண்டு அந்நியர்கள் சண்டையிட்டு, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஊர் மாறியது.

ஷாண்டோங் திரும்பக் கிடைக்கும் என்று நம்பித்தான் சீனம் 1917இல் நேச நாடுகள் பக்கம் போரில் சேர்ந்தது. ஏறத்தாழ 1,40,000 சீனத் தொழிலாளர்கள் பிரான்சில் அகழி வெட்டினார்கள், பிணம் புதைத்தார்கள், குண்டு சுமந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஷாண்டோங் விவசாயிகள். 1919இல் வெர்சாய் மாநாடு ஷாண்டோங்கை ஜப்பானுக்கே கொடுத்தது. மே 4 அன்று பெய்ஜிங்கின் தியானன்மென் வாயிலருகே சுமார் 3,000 மாணவர்கள் திரண்டார்கள். ஜூனில் ஷாங்காய்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சீனப் பிரதிநிதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் வெளியேறினார்கள். சீனத்தின் நவீன அரசியலும் நவீன இலக்கியமும் அந்த மே மாதத்திலிருந்துதான் தங்கள் ஆண்டுக் கணக்கைத் தொடங்குகின்றன. எம்டன் நங்கூரமிட்டிருந்த விரிகுடாவுக்காக எழுந்த கோபம் அது.

அதே ஆண்டுகளில் வடசென்னையும் மாறிக்கொண்டிருந்தது. போர் விலைவாசியை ஏற்றியது. 1918 செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. பசியும் பதுக்கலும் காரணம். அதற்குச் சில மாதம் முன்பு, ஏப்ரல் 27 அன்று, பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்திருந்தது. செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு இருவரும் முயன்று, பி. பி. வாடியா தலைவராகவும் திரு. வி. கல்யாணசுந்தரனார் துணைத் தலைவராகவும் அமைந்த சங்கம் அது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் சாப்பிடக் கொடுத்த அரை மணி போதவில்லை என்ற முறையீட்டில் தொடங்கியது. 1921இல் பல மாதம் நீடித்த வேலைநிறுத்தமாக அது வளர்ந்தது. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சாதி புகுந்து, புளியந்தோப்பில் ஏழைகளே ஏழைகளின் குடிசைகளுக்குத் தீ வைத்ததும் நடந்தது. வடசென்னை வரலாற்றில் ஆறாத புண் அது. சங்கத்தின் பெருமையைப் பேசும் எவரும் அதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

1925 மே மாதம் ஷாங்காயில் ஜப்பானியப் பஞ்சாலை ஒன்றில் கு ஜெங்ஹோங் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். நியாயம் கேட்டு மே 30 அன்று நான்ஜிங் சாலையில் திரண்ட கூட்டத்தின்மீது பிரிட்டிஷ் அதிகாரியின் உத்தரவில் போலீஸ் சுட்டது. சுட்டவர்களில் சீக்கியக் காவலர்களும் இருந்தார்கள். பெரம்பூர்க்காரர்களுக்கு அந்தச் செய்தியை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது. பஞ்சாலை, வெள்ளை அதிகாரி, இந்தியப் போலீஸ், துப்பாக்கி எல்லாமே அவர்கள் பார்த்தவை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1923 மே 1 அன்று, சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியிருந்தார். மீனவர் குடும்பத்தில், அயோத்தியாக்குப்பத்தில் 1860இல் பிறந்தவர். ஒரு கூட்டம் உயர் நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையில் நடந்தது. எம்டனுக்கு வழி காட்டிய கலங்கரை விளக்கத்தின் அடியில் என்றே சொல்லலாம். உலகத் தொழிலாளர் என்று அவர் பேசியபோது, அது புத்தகத்தில் படித்ததாக மட்டும் இருக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கண்ணெதிரே இருந்தார்கள்.

1927 தொடக்கத்தில் குவோமின்டாங்கின் வடதிசைப் படையெடுப்பு ஷாங்காயை நெருங்கியது. தன் முதலீடுகளைக் காக்க பிரிட்டன் பெரும்படை ஒன்றை ஷாங்காய்க்கு அனுப்பியது. இந்தியப் படைப்பிரிவும் கப்பலேறியது. இந்திய மக்களையோ சட்டசபையையோ யாரும் கேட்கவில்லை. ஏப்ரல் 12 அன்று அந்தப் படையெடுப்பின் தளபதி சியாங் கைஷேக் திரும்பி நின்று ஷாங்காய்த் தொழிலாளர் சங்கங்களையே இரத்தத்தில் மூழ்கடித்தார். அந்த டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் டாக்டர் அன்சாரி தலைமையில் கூடியது. சைமன் கமிஷனைப் புறக்கணிக்கவும், முழு விடுதலையே இலக்கு என்றும் தீர்மானித்த மாநாடு என்று அதைப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அதே பந்தலில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. விடுதலைக்குப் போராடும் சீன மக்களுக்கு வாழ்த்துச் சொன்னது. சீனத்தில் நிறுத்தியிருக்கும் இந்தியப் படைகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றது. 37வது மதராஸ் படையின் சிப்பாய்கள் சான்யுவான்லி வயலில் நனைந்து நின்று 86 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களை அனுப்பிய மதராஸ் ராஜதானியின் தலைநகரம், இனி யாரையும் அப்படி அனுப்பக் கூடாது என்று பகிரங்கமாகச் சொன்னது அப்போதுதான்.